பொதுவுக்கு எழுதிக் கொடுத்தது

இரண்டு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்து எழுநூறு. என் தம்பி வைத்துவிட்டுப் போன கடன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவன் வேலை பார்த்த கம்பெனி முதலாளியிடம் வாங்கியது. ஜாமீன் கையெழுத்து அவன் மனைவியுடையது.

அடக்கம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"பணமே வேணாம்மா. அவன் எழுதி வச்சிருக்கானே, அந்த விதிப் புத்தகம், அதை என் பேருக்கு எழுதிக் குடு. கடன் பத்திரத்தை உன் கண்ணு முன்னாலயே கிழிச்சுப் போட்டுடறேன்."

தம்பி ஒரு கணினி மொழி செய்திருந்தான். எடைமேடை, தண்ணீர் மோட்டார் இவற்றுக்குள் இருக்கும் சின்னக் கணினிக்கு வேலை சொல்கிற மொழி. எந்தச் சொல்லுக்கு அது என்ன செய்ய வேண்டும் என்பதை நூற்றுப் பதினான்கு விதிகளாக எழுதினான். கம்பெனி நேரத்தில் அல்ல, ஞாயிற்றுக்கிழமைகளில், என் அறையில். யார் வேண்டுமானாலும் எடுக்கட்டும், திருத்தட்டும் என்று ஓப்பன் சோர்ஸ் திட்டம் ஒன்றுக்குக் கொடுத்துவிட ஆசைப்பட்டான். கட்டிலில் படுத்தபடியே, புத்தகத்தையும் திருத்தக் குறிப்புகளையும் சேர்த்து அவர்களுக்குக் கடிதமும் அனுப்பினான். கையெழுத்துப் படிவம் வந்து சேருவதற்குள் போய்விட்டான்.

"நீங்க என்ன சொல்றீங்க மாமா?" என்று கேட்டாள் அவன் மனைவி.

"நான் சிமென்ட் கிடங்குல மூட்டை தூக்குறவன். எனக்கென்னம்மா தெரியும்?" என்று நழுவினேன். உள்ளுக்குள், அவள் தலையிலிருந்து இந்தப் பாரம் இறங்கினால் போதும் என்றுதான் இருந்தது. அவளும், புத்தகத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தைத் திங்கட்கிழமை கொண்டுவரும்படி முதலாளியிடம் சொல்லிவிட்டாள்.

திட்டத்துக்காரர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுப் போன் செய்தாள். எடுத்தது ஒரு பெண். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க நெலமை புரியுதுங்க. ஆனா யாருக்கு எழுதிக் குடுத்தாலும், நீங்க மட்டும் கையெழுத்துப் போட்டா செல்லாது. திருத்தக் குறிப்புல முப்பத்தொரு எடத்துல 'அண்ணன் சொன்னது'ன்னு இருக்கே, அந்த அண்ணன் யாரு? அவரும் போடணும்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நாற்பத்தொரு வயதில், முதியோர் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியவன் நான். ஒரு விதி எழுதி முடித்ததும் தம்பி என்னிடம் நீட்டுவான். நான் திக்குகிற இடத்தில் பென்சிலால் கோடு போடுவான். "உனக்குப் புரியலைன்னா தப்பு என்னோடதுண்ணே." எண்பத்தெட்டாம் விதி, ஒரு வேலை எத்தனை தடவை நடந்தது என்று எண்ணுவதைப் பற்றியது. வேலை தொடங்கும்போதே 'ஒன்று' என்று எண்ணச் சொல்லி எழுதியிருந்தான்.

"முதுகுல ஏத்தினதுமே எண்ணுவாங்களாடா? வழியிலேயே மூட்டை கிழிஞ்சா? எறக்கி வச்சாத்தான் ஒண்ணு" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துவிட்டு மாற்றியும் எழுதியிருக்கிறான். என் பேரில் வரவும் வைத்திருக்கிறான்.

திங்கட்கிழமை விவரம் தெரிந்ததும் முதலாளி கடுப்பாகிவிட்டார். "மூட்டை தூக்குறவன் மொழி எழுதினானாம்! சரி, நீயும் ஒரு கையெழுத்தைப் போடுய்யா."

படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். அவர் நான்கு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். இந்தப் புத்தகத்தைப் படிக்கவோ நகலெடுக்கவோ எவரும் கம்பெனியின் அனுமதி பெற வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு வரி இருந்தது.

"எவரும்னா, நானுமா?"

"நீ படிச்சு என்னய்யா பண்ணப் போற?"

பேனாவை மூடி வைத்தேன். "கடனை நான் கட்டறேன் சார். மாசம் ஏழாயிரத்து ஐநூறு."

அவர் போனதும், அவள் கதவடியிலேயே நின்றாள். "அவ்வளவு பணத்துக்கு எங்க போவீங்க?"

"மூட்டைக்கா பஞ்சம்?"

"பாதி நான் தச்சுக் குடுக்கறேன். வீறாப்பெல்லாம் நீங்க மட்டுமே வச்சுக்காதீங்க மாமா."

மறுநாள் இருவரும் திட்டத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டோம்.

நான் இரண்டு ஷிப்ட் பார்த்தேன். இரண்டாம் வருடம் இடுப்பெலும்பு விலகி இடது கால் மரத்துப் போனது. அதற்குப் பிறகு, அரை மூட்டைக்கு அரைக் கூலி. அவள் இரவலாக வாங்கிய தையல் மெஷினில் கண் கெடத் தைத்தாள்.

முப்பத்து மூன்றாவது மாதம், கடைசித் தவணை மூவாயிரத்து எழுநூறைக் கட்டப் போனேன். ரசீது எழுதிய கணக்கர் நல்ல மனுஷன். சந்தோஷச் சேதி என்று நினைத்துத்தான் சொன்னார்.

"இப்ப நம்ம கம்பெனி முழுக்க உங்க தம்பி மொழிதான் ஓடுது, தெரியுமா? பொதுச்சொத்தாச்சே, பைசா குடுக்க வேணாம். முதலாளிக்கு அடிச்சது யோகம்."

எடுக்கட்டும். யார் வேண்டுமானாலும் என்றுதானே தம்பி சொன்னான், அதில் இவரும் ஒருவர். அப்படித்தான் நினைக்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் படியிறங்கும்போது கால் அதைக் கேட்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

வீட்டில் அவள் மெஷினை நிறுத்தினாள். "மொதலாளி ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலை. தீந்துச்சும்மா."

ரசீதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். பாக்கி இல்லை என்று போட்டிருந்தது.