சதாசிவம் கிராணியின் ஒயின் கிளாஸ்

ரப்பர் விலை ஏறிக் கிடந்த 1925. சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பெரிய கிராணி வேலை காலியாக இருந்தது. அந்த நாற்காலி தன்னுடையதுதான் என்பது அங்கே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியான சதாசிவத்துக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. துரைக்குத்தான் இன்னும் தெரியவில்லை. அதைத் தெரியப்படுத்தத்தான் தீபாவளிக்கு வீட்டுக்கு வரச்சொல்லித் துரையைக் கேட்டார். வழக்கமாகத் துரை ஆபீஸ் வாசலில் மாலையை வாங்கி நாயின் கழுத்தில் போட்டுவிட்டுப் போகிறவர். இந்த வருஷம் என்ன தோன்றியதோ, "வாரேன்" என்றுவிட்டார்.

அதற்குப் பிறகு சதாசிவத்தின் கால் தரையில் பாவவில்லை. துரை தன் வீட்டில் உட்கார்ந்து ஒயின் சாப்பிடப்போகிறார் என்று ரப்பர்ப் பால் கொட்டகை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சின்னக் கிராணி அப்பாவுவுக்கும் அந்த நாற்காலிமேல் ஒரு கண்.

"எதுல ஊத்திக் குடுப்பீங்க அண்ணே, செம்புலயா?" என்று அப்பாவு கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை.

சதாசிவம் மறுநாளே ஈப்போவுக்கு ரயிலேறினார்.

ஈப்போவில் நாகூர் மீரானின் கடையிலிருந்துதான் துரைமார் பங்களாக்களுக்குப் பீங்கானும் கண்ணாடியும் போகும். நாகூர் மீரான் குடித்ததே இல்லை. குடிக்கிறவர்களுக்கு விற்பதில் தயங்கியதும் இல்லை. காம்பு நீண்டு வாய் குறுகிய மெல்லிய கிளாஸ் ஒன்றை எடுத்துச் சுண்டினார். கணீரென்றது.

"சீமைச் சரக்கு, கிராணியாரே. துரைமாரு இதுலதான் குடிப்பாங்க."

சதாசிவம் தண்ணீர் வாங்கி அதில் ஊற்றி, தலையை அண்ணாந்து, கிளாஸை ஒரு முழ உயரத்தில் தூக்கிச் சரித்தார். தாரையாக விழவேண்டிய தண்ணீர் கிளாஸின் வெளிப்புறமாக வழிந்து, கஞ்சி போட்ட கோட்டுக்குள் இறங்கியது.

"இத வாயில வச்சுக் குடிக்கணும்," என்றார் நாகூர் மீரான்.

"எச்சில் பண்ணிக் குடிக்கிற குடும்பம் இல்ல நம்ம குடும்பம்."

"ஒயின் குடிக்கிற குடும்பமா?"

"அது திராட்சைப் பழச்சாறு. பழத்துக்கு ஏது தீட்டு? அத விடுங்க. வீட்டுல சாம்பலும் தேங்கா நாரும் போட்டுத் தேய்ப்பாங்க. இது தாங்குமா?"

"இது உங்க பெருமூச்சையே தாங்காது. இருங்க, வாரேன்."

உள்ளே போனவர் தூசி படிந்த ஒன்றைக் கொண்டுவந்தார். கனத்த அடி, கட்டைவிரல் தடிமனில் குட்டைக் காம்பு, அகன்ற வாய். கப்பலுக்கென்று வார்த்த சரக்காம். லூமுட் துறைமுகத்தில் ஒருவன் பெட்டி பெட்டியாகத் தன் தலையில் கட்டிவிட்டுப் போனதாகச் சொன்னார்.

"புயல்ல உருண்டாலும் ஒண்ணும் ஆவாது. உங்க பேரன் காலம் வரைக்கும் தாஹான் பண்ணும்லா. வெலயும் அதுல பாதி."

சதாசிவம் மறுபடி அண்ணாந்தார். தாரை நேராகத் தொண்டைக்குள் போனது. பாதி விலையிலும் பேரம் பேசி இரண்டு கிளாஸ் வாங்கினார். துரைக்கு ஒன்று, தனக்கு ஒன்று. மனைவிக்கு வாங்கும் யோசனை அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

வீட்டில் செல்லாயி இரண்டையும் சாம்பல் போட்டு விளக்கிக் கவிழ்த்தாள். கீறல்கூட விழவில்லை.

"ஏங்க, தொரை வாய் வச்ச கிளாஸ அப்புறம் என்ன பண்றது? ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே."

மனைவிக்கு மூளை உண்டு என்று சதாசிவம் முதன்முதலாகச் சந்தேகப்பட்டது அப்போதுதான். ஒரு கிளாஸின் காம்பில் சிவப்பு நூலைக் கட்டினார்.

"இது துரைக்கு. தனியா வச்சுக் கழுவு."

தீபாவளியன்று துரை வந்தார். நாயைப் பிடித்துக்கொண்டு தோட்டத்து ஆள் சன்னாசி வாசலோடு நின்றான். துரை உட்கார்ந்தார், சதாசிவம் நூல் கட்டிய கிளாஸில் ஒயினை ஊற்றி நீட்டினார். துரைக்குத் தமிழ் தெரியும். கூலிகளிடம் கற்ற தமிழ், ஆகவே எல்லாருமே அவருக்கு 'நீ'தான்.

"இது என்னா நூலு?"

"அலங்காரம், துரை."

துரை சதாசிவத்தின் கிளாஸைப் பார்த்தார். அதில் அலங்காரம் இல்லை. வாசல் பக்கம் திரும்பினார்.

"சன்னாசி, நீ சொல்லு."

"அது தொரைக்குத் தனி கிளாஸுங்க. எங்களுக்குக் கிராணியய்யா வூட்டுல செரட்டை தனியா இருக்குல்ல, அது மாதிரி."

துரை கோபப்படவில்லை. நிதானமாக நூலை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். ஒரு வாய் குடித்தார்.

"இப்ப நீ குடி."

சதாசிவம் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். துரை வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்னும் மேலே தூக்கு."

பாட்டிலைத் துரையே எடுத்து ஊற்றினார். மறுபடி ஊற்றினார். கழுத்து வலித்தது, கண் செருகியது, வேட்டி சிவந்தது. நாற்காலியை நினைத்துக்கொண்டு சதாசிவம் கையை இன்னும் உயர்த்தினார். கிளாஸ் நழுவிச் சிமிண்டுத் தரையில் விழுந்து, துரையின் பூட்ஸ் வரை உருண்டு நின்றது. உடையவில்லை. துரை அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல கிளாஸ். எங்கே வாங்கினே? என்னா வெல?"

அந்த நிலையிலும் சதாசிவத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கடையைச் சொன்னார், பேரம் பேசிய திறமையைச் சொன்னார், கப்பலையும் புயலையும் சொன்னார். துரை பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்துபோனார்.

அந்த வாரமே அப்பாவு பெரிய கிராணி ஆனார். ஈப்போவிலிருந்து மாட்டு வண்டியில் பெட்டிகள் வந்து தோட்டத்துக் கள்ளுக்கடையில் இறங்கின. கள்ளுக்கடைக்குக் கிராணியாகச் சதாசிவம் போகவேண்டும் என்று உத்தரவு. கிளாஸின் அருமை தெரிந்தவர் அவர் ஒருவர்தானாம். சாயங்காலமானால் கூலி லயத்துச் சனம் முழுக்க அந்தக் கிளாஸ்களில் வாய் வைத்து உறிஞ்சியது. கழுவிக் கவிழ்ப்பதும் கிராணியின் பொறுப்பில் வந்தது.

மழைக்காலம் முழுவதும் பல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு, பங்களாவுக்குப் போய்க் கைகட்டி நின்றார்.

"துரை, என்னை ஆபீஸுக்கே மாத்தணும்."

"எத்தனை கிளாஸ் உடைஞ்சுச்சு?"

"ஒண்ணுகூட இல்லீங்க, துரை."

"எல்லாம் உடையட்டும். அப்ப வா."

அன்று சாயங்காலம் கடையில் கூட்டம். சன்னாசிக்குக் கள் ஊற்ற எடுத்த கிளாஸைச் சதாசிவம் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு தலைக்குமேல் தூக்கி, பலங்கொண்ட மட்டும் தரையில் அடித்தார். அது இரண்டு தரம் குதித்தது, பலகைக்கு அடியில் உருண்டு போனது. சன்னாசி குனிந்து எடுத்து, கோவணத் துணியில் துடைத்து, மரியாதையாக நீட்டினான்.

"ஒண்ணும் ஆவலீங்க, கிராணியய்யா. ஊத்துங்க."