பன்னிரண்டு குதிரைகளும் ஓர் எருமையும்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்தவள் என் அக்கா. "இல்லாததெல்லாம் எழுதுறியே, நாம குதிரை ஏத்திட்டுப் போனதை எழுதேன்டா" என்றாள் போனில். கையோடு ஒரு நிபந்தனையும் போட்டாள்: "ஆனா யாரையும் பள்ளத்துல தள்ளிடாதே. உன் கதையில முதல் பக்கத்துல சிரிக்கிறவங்க கடைசிப் பக்கத்துல உயிரோட இருக்கிறதில்ல."

அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். யாரும் விழவில்லை. மலைப்பாதை, இருபத்து மூன்று வருடப் பழைய வண்டி, அதன் பின்னால் கனத்த ட்ரெய்லர் என்று எல்லாம் தோதாக அமைந்தும் நான் கையைக் கட்டிக்கொண்டு எழுதுகிறேன். (என் தியாகத்தை யாராவது கவனித்தால் சரி.)

2

எப்படித் தொடங்குவது?

"மலை அவர்களுக்காகக் காத்திருந்தது." அடித்துவிட்டேன். மலைக்கு வேறு வேலை இல்லையா?

"வாழ்க்கையே ஒரு குடைராட்டினம், சுற்றிச் சுற்றி…" வேண்டாம். இதைப் படித்தால் அக்கா போனை எடுக்கமாட்டாள்.

"அக்கா ஒரு வெல்டர்." இது நிற்கிறது. மூடிப்போன ஒரு பொழுதுபோக்குத் திடலில் துருப்பிடித்துக் கிடந்த குடைராட்டினத்தைத் தன் பட்டறைக்குக் கொண்டுவந்து, எட்டு மாதம் வேலை பார்த்தாள். இரும்புச் சட்டத்தைப் புதிதாகப் பற்றவைத்தாள். பன்னிரண்டு மரக்குதிரைகளுக்கும் அவளே வர்ணம் அடித்தாள். மலைக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரை ஊரில் சனிக்கிழமை காலை பூங்கா திறக்கிறார்கள். பத்து மணிக்கு ராட்டினம் சுற்றவில்லையென்றால் அந்த இடத்தில் ஊஞ்சல் போட்டுவிடுவோம் என்று பூங்கா அதிகாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் ராட்டினத்தை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஓட்டியது அக்கா. பக்கத்தில் அவள் வீட்டுக்காரர், என் மாமா. பின் சீட்டில் கயிறு, தண்ணீர் கேன்கள், நான். எங்கள் வண்டிக்கு அக்கா வைத்த பெயர் எருமை. ஹாரன் அடித்தால் நகராது. நகர ஆரம்பித்தால் நிற்காது.

3

இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமான பாத்திரம் மாமாதான்.

அவர் கணக்கு வாத்தியார். வகுப்பறைக்கு வெளியே தெரியாதவர்களிடம் பேசமாட்டார். கடையில் அளவு மாற்றிக் கொடுத்த சட்டையைத் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்டு, இரண்டு வருடம் அந்தத் தொளதொளச் சட்டையையே போட்டுக்கொண்டு திரிந்தவர். ஆனால் வீட்டுக்குள் வாய் மூடாது.

"இந்த வண்டி ஒன்றே முக்கால் டன்னுக்கு மேல இழுக்காது. நம்மகிட்ட இருக்கிறது ரெண்டே கால்."

"அரை டன்தானே அதிகம்?"

"அரை டன்னா என்ன தெரியுமா? நல்லாத் தின்ன ஒரு மாடு."

"ஒரு மாடுதானே, எருமைக்குத் துணையா வரட்டும்" என்று அக்கா கியரைப் போட்டாள்.

4

ஏற்றம் தொடங்கியதும் சூட்டுமானி முள் மேலே ஏறியது. இன்ஜின் சூட்டை உள்ளே இழுத்துக்கொள்ள அக்கா ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டாள். வெளியே குளிர்காற்று, உள்ளே நாங்கள் இட்லி மாவு போல வெந்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ட்ரெய்லர் ஒரு பக்கம் இழுக்க, அக்கா இன்னொரு பக்கம் இழுத்தாள். பத்து வளைவுகளைத் தாண்டினோம். பதினொன்றாவதுக்குப் பிறகு உச்சிவரை நேர் ஏற்றம்.

பாதி ஏற்றத்தில் கிளட்ச் கருகும் வாடை வந்தது. எருமை உறுமியது, திணறியது, நின்றது. பிறகு ஒரு சாண் பின்னால் நகர்ந்தது.

"கட்டை வைடா!"

கதவைத் திறந்து குதித்தேன். மரக்கட்டையை ட்ரெய்லர் சக்கரத்துக்குப் பின்னால் செருகினேன். சக்கரம் அதன்மேல் ஏறப் பார்த்தது.*

[* பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு டீ குடித்தேன். என் பழைய கதைகளில் கட்டை இங்கே நழுவியிருக்கும். நிஜத்தில் நழுவவில்லை.]

கட்டை நின்றது. எங்களுக்குப் பின்னால் வண்டிகள் வரிசைகட்டி ஹாரன் அடித்தன. அக்கா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தாள். "ஊஞ்சலே போட்டுக்கட்டும்" என்றாள். எட்டு மாதத்தில் ஒருநாள்கூட அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாய்க்குள் முணுமுணுத்தார்: "ஒரு குதிரை நாற்பது கிலோ. பன்னிரண்டு நாற்பது நானூத்தி எண்பது."

கதவைத் திறந்து இறங்கினார்.

5

இங்கேதான் எழுத முடியாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். சட்டையைத் திருப்பிக் கொடுக்கத் தெரியாதவர், கோபமாக ஹாரன் அடிக்கும் காய்கறி லாரியை நோக்கி நடக்கிறார். ஏன்? "திடீரென்று அவருக்குள் ஏதோ…" இல்லை. "காதல் என்பது…" ஐயோ. காரணம் எழுத எனக்கு வரவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

"சார், வணக்கம். ஒரு உதவி. ஒரு குதிரை எடுத்துட்டு வர முடியுமா?"

லாரி ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். "என்னது?"

"மரக்குதிரை. நாற்பது கிலோ. கடிக்காது."

லாரிக்காரர் மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "ஒண்ணு எதுக்கு சார், மூணு குடுங்க. முட்டைக்கோஸ் மேல மெத்துமெத்துன்னு படுத்துட்டு வரட்டும்."

அடுத்தது பஸ். நான்கு குதிரைகள் ஏறின. "இதுக்கெல்லாம் அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்று கண்டக்டர் கேட்டதும் பஸ்ஸே சிரித்தது. மூன்று கார்கள் ஆளுக்கொன்று ஏற்றிக்கொண்டன. நோயாளியை வீட்டில் விட்டுவிட்டுக் காலியாகத் திரும்பிய ஆம்புலன்ஸில் ஒரு குதிரையை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து பெல்ட் போட்டார்கள். (இதை வெட்டிவிடலாம் என்றிருந்தேன், யார் நம்புவார்கள்? அக்கா விடவில்லை. "நடந்ததை வெட்டிட்டு நடக்காததை எழுதுவியா?") கடைசிக் குதிரையை பைக்கில் வந்த கூரியர் பெண் தன் பின் சீட்டில் உட்காரவைத்துக் கட்டிக்கொண்டாள்.

அக்கா எல்லாவற்றையும் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி வண்டியாக ஏறி இறங்கி, கைகுலுக்கி, தோளில் குதிரையோடு திரியும் தன் புருஷனை. "இந்த ஆள் யாருடா?" என்றாள் என்னிடம். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் அவளுக்கு மூக்கு ஒழுகியது.

6

இன்ஜின் ஆறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினோம். பஸ் பயணிகள் இறங்கிவந்து கை கொடுத்துத் தள்ள, அக்கா கிளட்ச்சை மெல்ல விட்டாள். எருமை ஒருமுறை குலுங்கி, ஏறியது. உச்சி வரைக்கும் ஏறியது!

"குதிரைகளைத் திரும்ப ஏத்திடலாமா?" என்றேன்.

"இறக்கத்துலதான் மாப்ள எடை ஆளைத் தள்ளும்" என்றார் மாமா. எல்லோரும் அதே ஏரிக்கரை ஊருக்குத்தான் போகிறார்கள். அப்படியே வரட்டும் என்று அவரே போய்க் கேட்டுவிட்டு வந்தார். இந்த முறை அவருக்குக் குரல்கூட நடுங்கவில்லை.

முதல் கியரில், பிரேக்கை அதிகம் தொடாமல், நத்தை வேகத்தில் இறங்கினோம். பின்னால் லாரி, பஸ், கார்கள், ஆம்புலன்ஸ். பஸ் ஜன்னல்களில் நான்கு குதிரைத் தலைகள். ஊருக்குள் நுழைந்தபோது கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். யாருடைய ஊர்வலம் என்று தெரியாமலேயே ஒருவர் கைதட்டினார். தெரு முழுக்கக் கைதட்டியது.

பூங்காவில் இறக்கி எண்ணினோம். பதினொன்று. பைக்கில் எங்களை முந்திக்கொண்டு போன கூரியர் பெண்ணைக் காணவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு ராட்டினம் சுற்றியது. பதினொரு குதிரைகள், ஒரு வெறுங்கம்பி. வரிசையில் நின்ற பிள்ளைகள் அந்தக் கம்பிக்குத்தான் சண்டை போட்டார்கள். மாமா நடுவில் நின்று, முன்பின் தெரியாத ஊரையே உரிமையோடு அதட்டிக்கொண்டிருந்தார்.

7

முடிவு. அவள் குதிரையைத் திருடிவிட்டாள் என்று ஒன்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்து நின்றாள் என்று இன்னொன்று. இரண்டையும் அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"ஒண்ணு சொல்றேன், மாமாகிட்ட சொல்லாதே" என்றாள். "அந்தப் பொண்ணு என் ஜன்னலுக்கு வந்து, 'எங்க டெலிவரி பண்ணணும் மேடம்'னு கேட்டா. நான்தான் அழுது சிரிச்சு ஒரு நிலையில இல்லையே. 'யார் ஆசையாக் கேக்குறாங்களோ அவங்ககிட்ட குடும்மா'ன்னுட்டேன்."

"தேட வேண்டாமா?"

"எதுக்கு? சொன்ன இடத்துலதானே குடுத்திருப்பா."

எனவே இதை நான் முடிக்கவில்லை. நீல உடம்பு, மஞ்சள் பிடரி, நாற்பது கிலோ. அந்தப் பெண் எந்தத் தெரு வழியாகப் போனாள், எந்த வீட்டு வாசலில் யார் அவளைக் கைகாட்டி நிறுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது.

நீங்களா?