கிரேடு ஒண்ணு

எங்கள் தோல் தொழிற்சாலைக்கு வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கிரேடு அண்ணன் என்று கேளுங்கள், கேட்டில் நிற்கிற காவலாளியே கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிடுவார். முப்பத்தொரு வருடமாக எனக்கு ஒரே மேசை, ஒரே ஜன்னல். பதனிட்ட தோலை விரித்துப் போட்டு, வெளிச்சத்தில் பார்த்து, விரலால் தடவி, பின்பக்கம் சாக்பீஸால் ஓர் எண் எழுத வேண்டும். ஒன்று என்றால் மாசு மருவில்லாத தோல், விலை உயர்ந்த ஷூவுக்குப் போகும். இரண்டில் உண்ணி கடித்த புள்ளி ஒன்றிரண்டு இருக்கும். மூன்றில் முள் கீறல். நாலு, ஷூவுக்கு உள்ளே யார் கண்ணிலும் படாமல் ஒட்டுகிற லைனிங்குக்கு. ஐந்து பசை காய்ச்சப் போகும்.

நான் போட்ட எண்ணை யாரும் மாற்றியது கிடையாது. முதலாளியின் மைத்துனரே ஒரு நாள் வந்து, "மூணை ரெண்டாக்கினா என்னப்பா, குடியா முழுகிடும்?" என்று இளித்துக்கொண்டு நின்றார். "தோல்கிட்டயே கேளுங்க" என்றேன். திமிர் பிடித்தவன் என்று சொன்னார்கள். ஆமாம், திமிர்தான். பொய் எண் எழுதாதவனுக்கு அந்தத் திமிர்கூட இல்லாவிட்டால் எப்படி?

என் மனைவி மின்சார மீட்டர் கணக்கெடுக்கிற வேலையில் இருந்தாள். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் ஒரு நாளைக்கு நூற்றைம்பது வீடு, அத்தனை மாடியும் படியேறி இறங்குவாள். அவளோடு கடைக்குப் போனால் நான் பத்தடி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருவேன். "தோலைத் தடவித் தடவி உங்க காலு மறந்தே போச்சு" என்று திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் இந்தக் கிரேடு பேச்சு வந்தது. வந்திருந்தவன் என் மச்சான், அவளுடைய தம்பி. நட்டு போல்ட் விற்கிற கடையில் இருப்பவன். யாரோ ஒருத்தனைப் பற்றி, "அவன் அஞ்சாம் கிரேடு ஆளு" என்று நான் சொல்லப்போக, அவன் பிடித்துக்கொண்டான்.

"அப்படின்னா நல்லவன்னு சொல்றீங்களா மாமா? எங்க கடையில போல்ட் தலையில நாலு புள்ளி ஆறுன்னு இருந்தா வேலிக்கு மாட்டலாம். பத்து புள்ளி ஒம்பதுன்னு இருந்தா பாலத்தையே தாங்கும். எண் ஏறினா வலு ஏறும்."

"உங்க கடை தலைகீழ்க் கடைடா."

வெளியூரில் துணி நிறுவனத்தில் வேலை பார்க்கிற எங்கள் மகள் ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, எங்க ஆபீஸ்ல கிரேடிங்னா ஒரு சட்டை அளவை வச்சு சின்ன சைஸ், பெரிய சைஸ் எல்லாம் வரையறது. அதுல ஒசத்தியும் இல்ல, மட்டமும் இல்ல."

"ஒசத்தி மட்டம் இல்லாததுக்கு எதுக்குடி கிரேடுன்னு பேரு?"

அதற்குள் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "இவரு கம்பெனி சம்பளப் பட்டியல்ல கிரேடு நாலு. என்னைய ஒண்ணுல போடுன்னு ஆபீஸ்ல போய்க் குதிச்சாராம். அந்த கிளார்க், 'அண்ணே, ஒண்ணுன்னா இன்னைக்குப் புதுசா சேர்ந்தவன், மேனேஜரே ஏழு'ன்னு சொல்லித் திருப்பி அனுப்பினானாம்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "ஆபீஸ்காரனுக்குத் தோலும் தெரியாது, எண்ணும் தெரியாது" என்று கையைக் கழுவப் போய்விட்டேன். ஆக, எனக்கு யாரும் சொல்லவில்லை என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. ஒரே சாப்பாட்டில் மூன்று பேர் சொன்னார்கள். என் மண்டையில்தான் ஏறவில்லை.

அடுத்த மாதம் அவள் மொட்டை மாடியிலிருந்து துவைத்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கும்போது படியில் வழுக்கி விழுந்தாள். நாலு படி, அவ்வளவுதான். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், முதுகெலும்பில் கீறல் என்றார். பக்கத்தில் கொஞ்சம் வீக்கம் இருக்கிறது, அறுவை சிகிச்சை இப்போது தேவைப்படாது, இடுப்புப் பட்டை போட்டு வீட்டில் படுக்க வையுங்கள் என்றார். அதற்குமேல் ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

"காலோட பலம் குறையுதான்னு தினம் பார்க்கணும். குறைஞ்சா ஒரு மணி நேரம்கூடத் தள்ளாம கூட்டிட்டு வந்துடுங்க."

தினமும் காலையில் வந்து பார்க்க ஒரு பிசியோ அம்மாவை ஏற்பாடு செய்தோம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் ஃபோன் பண்ணி விசாரிப்பார். நான் லீவு போட்டுவிட்டுக் கட்டில் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

முதல் நாள் பிசியோ அம்மா கால் மாட்டில் நின்று, தூக்குங்க, மடக்குங்க, என் கையைத் தள்ளுங்க என்று சொல்லிப் பார்த்துவிட்டு, நோட்டில் எழுதினார். "கிரேடு நாலு."

எனக்குச் சுருக்கென்றது. நாளெல்லாம் படியேறுகிற காலுக்கு நாலா? லைனிங் கிரேடா? என் முகத்தைப் பார்த்து, "நாலு நல்லாத்தான் இருக்கு சார், பயப்படாதீங்க" என்றார் அந்தம்மா. நானும்தான் எத்தனை வியாபாரிகளை இப்படித் தேற்றி அனுப்பியிருக்கிறேன். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இதை எப்படியாவது ஒன்றுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அன்றைக்கே மனதில் வைராக்கியம் வைத்தேன்.

மூன்று நாள் நாலிலேயே நின்றது. நாலாவது நாள், வெள்ளிக்கிழமை, பிசியோ அம்மா இரண்டு காலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "சார், இன்னைக்கு மூணுதான். ஆஸ்பத்திரியில சொல்லிடுங்க."

"சொல்லிடறேம்மா! இப்பவே சொல்லிடறேன்!" என்றேன். அவர் சொன்ன 'தான்' என் காதில் விழவே இல்லை.

சாயங்காலம் நர்ஸ் கேட்டார். "பலம் ஏதாச்சும் குறைஞ்சிருக்கா?"

"குறையறதா? நல்லா ஏறிட்டு வருது சிஸ்டர். பிசியோ அம்மாவே சொன்னாங்க."

"ரொம்ப சந்தோஷம். அப்ப திங்கக்கிழமை செக்கப்புக்கு வந்தாப் போதும்."

சனிக்கிழமை காலையில் நோட்டில் கிரேடு இரண்டு. பிசியோ அம்மாவின் நெற்றி சுருங்கிவிட்டது. "நேத்தே சொன்னீங்களா? என்ன சொன்னாங்க?"

"சொன்னேம்மா. திங்கக்கிழமை வந்தாப் போதும்னுட்டாங்க."

"அப்படியா சொன்னாங்க? நம்பர் குடுங்க, நானே ஒரு வார்த்தை பேசறேன்."

"உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்? சாயங்காலம் அவங்களே கூப்பிடுவாங்க. இன்னைக்கு ரெண்டுன்னு கண்டிப்பா சொல்லிடறேன்."

நாசமாய்ப் போன என் மரியாதை! அந்த நம்பரைக் கொடுத்திருந்தால் போதும். அரை நிமிஷம் பேசியிருப்பார்கள்.

அவர் போன பிறகு என் மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, நேத்து காலெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. இன்னைக்கு அதுவும் இல்ல. போர்வை மேல கெடக்கறதே தெரியல."

"வீக்கம் வத்துதுல்ல, அப்படித்தான் இருக்கும்."

"டாக்டரைக் கூப்பிடுங்க."

"எதுக்கு? நாலுல இருந்து மூணு, மூணுல இருந்து ரெண்டு. நோட்டைப் பாரு."

அவள் கூரையைப் பார்த்தபடியே சொன்னாள். "எங்க வேலையில எண் கொறையவே கொறையாது. போன மாசத்தைவிடக் கொறஞ்சு காட்டிச்சுன்னா மீட்டர் கெட்டுப்போச்சுன்னு எழுதிக் குடுப்போம்."

"நீ மீட்டரா? சும்மா படு. ஆளு தேறிட்டு வர்ற நேரத்துல அபசகுனமாப் பேசிக்கிட்டு" என்று அதட்டினேன். எதற்கெடுத்தாலும் எனக்குப் பதில் வைத்திருப்பவள், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டாள். நான்தான் மூட வைத்தேன்.

இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. லாரியில் வருகிற தோலோடு ஒரு காகிதமும் வரும், அனுப்புகிறவன் போட்ட கிரேடு அதில் இருக்கும். அந்தக் காகிதத்தை நான் படிப்பதுகூட இல்லை, தோலைத்தான் தடவிப் பார்ப்பேன். அப்படிப்பட்டவன், பெண்டாட்டி வாய்விட்டு உணர்ச்சி இல்லை என்று சொல்லும்போது, போர்வையை விலக்கி அந்தக் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்தேன்.

சாயங்காலம் நர்ஸிடம், "இன்னும் ஏறியிருக்கு சிஸ்டர்" என்றேன். இரண்டு என்று கண்டிப்பாகச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேனே, அந்த எண்ணைச் சொல்லவில்லை. ஒன்று வந்த பிறகு பெருமையாகச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிசியோ அம்மா வந்தார். தூக்கச் சொன்னார். தொடைமேல் கையை வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை முயற்சி பண்ணுங்கம்மா, இன்னொரு தடவை" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். அவர் நோட்டில் எழுதுவது தெரிந்தது. ஒன்று.

எனக்குக் கால் தரையில் படவில்லை. சந்தோஷத்துக்கு எல்லாரும் சொல்கிற பேச்சுத்தான் இது, இப்போது எழுதக் கை கூசுகிறது. காலையிலேயே கடைக்குப் போய் இனிப்புப் பெட்டி ஒன்று வாங்கி அலமாரியில் ஒளித்துவைத்திருந்தேன். ஓடிப்போய் எடுத்துவந்து பிரித்து, முதலில் என் மனைவியிடம் நீட்டினேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, "ஒண்ணு வந்துடுச்சும்மா! கிரேடு ஒண்ணு!" என்றேன். அவள் எடுக்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள். பிசியோ அம்மாவின் பக்கம் திருப்பினேன்.

"எதுக்கு சார் இது?"

"ஒண்ணுக்கு வந்ததுக்குத்தாம்மா. நாலுல கெடந்தா, நீங்க வந்து..."

"சார்." அவருடைய குரல் மாறிவிட்டது. "அஞ்சுதான் சார் முழு பலம். ஒண்ணுன்னா கால் அசையல, சதை மட்டும் லேசாத் துடிக்குது. அதுக்குக் கீழ பூஜ்யம்தான். ஆஸ்பத்திரியில நீங்க என்ன சொன்னீங்க?"

ஆஸ்பத்திரியில் நான் என்ன சொன்னேன் என்று அவரிடம் சொன்னேன். சொல்லும்போது பெட்டி கையிலேயே இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை, தன் ஃபோனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

மத்தியானமே அறுவை சிகிச்சை செய்தார்கள். எலும்புக் கீறல் பக்கத்தில் ரத்தம் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நரம்பை நெரித்திருக்கிறது. கட்டியை எடுத்துவிட்டோம், நரம்பு பிழைக்குமா என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். "வெள்ளிக்கிழமையே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், நான் நின்ற நிலையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மச்சான் வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அன்னைக்கே போல்ட்டை வச்சுச் சொன்னேனே மாமா என்று அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மூன்று மாதம் ஆகிறது. மேசைக்கு நான் திரும்பிப் போகவில்லை. என் மனைவி சக்கர நாற்காலியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறாள். என்னை ஒரு நாளும் எதுவும் கேட்கவில்லை. மகள் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். அவளும் கேட்கவில்லை. கேட்காத வீட்டில் குடியிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நேற்று பிசியோ அம்மா வரவில்லை, காய்ச்சலாம். காலையில் என் மனைவி, "இன்னைக்கு நீங்க பாருங்க" என்றாள்.

தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்தக் குதிகால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெடித்து, காய்த்து, என் விரலில் சொரசொரவென்று உறுத்தும். நேற்று உறுத்தவில்லை. வெடிப்பெல்லாம் மூடி, தோல் மெத்தென்று ஆகிவிட்டிருந்தது. ஒரு மாசு மரு இல்லை. என் மேசைக்கு வந்திருந்தால் யோசிக்காமல் ஒன்று போட்டிருப்பேன்.

"தூக்கறேன், பாருங்க" என்றாள். கழுத்து நரம்பு புடைத்தது, கைப்பிடியைப் பற்றியிருந்த விரல்கள் வெளுத்தன. என் மடியில் இருந்த பாதம் அப்படியே கிடந்தது. தொடையில் கையை வைத்துப் பார்த்தேன், எந்தத் துடிப்பும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தேன்.

"என்ன கிரேடு?" என்று கேட்டாள்.

முப்பத்தொரு வருடம் யாருக்காகவும் எண்ணை மாற்றாதவன், தலையைத் தூக்கி அவளைப் பார்த்துச் சொன்னேன். "ஒண்ணு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை.

"பொய்" என்றாள். "ஒண்ணுன்னு சொல்றப்ப உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."