திருகுகிற துவக்கும் இழுக்கிற துவக்கும்

அந்தப் புது வேட்டைத் துவக்கைக் கண்ட நாளிலிருந்து றெமிஜியஸுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. துவக்குத்தான் தனக்குப் பிடிக்கவில்லை என்று மனைவி அன்ரனெற்றிடம் சொன்னான். பச்சைப் பொய். அவனுக்குப் பிடிக்காதது அதைக் கொண்டுவந்த ராகுலனை.

றெமிஜியஸும் சூசைதாசனும் மன்னாரில் ஒரே வகுப்பு, ரொறன்ரோவில் ஒரே தேவாலயம். வேட்டை லைசென்ஸ் எடுத்ததும் ஒன்றாக, துவக்கு வாங்கியதும் ஒன்றாக. ஒரே கொம்பனி, ஒரே அளவு. தோள்பட்டியைப் பார்த்தால்தான் எது எவனுடையது என்று தெரியும். ஒவ்வொரு நவம்பரிலும் வடக்கே பண்ணை வைத்திருக்கிற ஒரு கமக்காரனின் காட்டோரக் குடிலில் இருவரும் மானுக்குக் காத்திருப்பார்கள். குடிலில் இரண்டு கதிரைக்குத்தான் இடம். அந்த இரண்டாவது கதிரை தன்னுடையது என்பதில் றெமிஜியஸுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

இப்போது வந்துவிட்டது. சூசைதாசனோடு வோபர்னில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை செய்கிறவன் ராகுலன். வயதிலே சின்னவன், சிரித்த முகம், எதற்கெடுத்தாலும் "அண்ணை, அண்ணை". அவனுடைய துவக்குக்கு ரவை ஏற்றத் திருகுகிற போல்ற் கிடையாது. பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் சரி, அடுத்த ரவை ஏறிவிடும். இவர்களுடைய பழைய துவக்கிலோ கைப்பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, திரும்பவும் கீழே மடக்க வேண்டும். ஐப்பசி பிறக்கிற நேரம் சூசைதாசனும் ராகுலனுடையதைப் போலவே ஒன்றை வாங்கிவிட்டான். அதுகூடப் போகட்டும். பூசை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் நின்று, கார்த் திறப்பை உருட்டிக்கொண்டு சொன்னான்:

"மச்சான், இந்த முறை குடிலிலை நான் ராகுலனோடை இருக்கலாம் எண்டு பாக்கிறன். நீ குறை நினைக்காதை."

குறை நினைக்காதையாம்! றெமிஜியஸ் அன்று பின்னேரம் சோறு தின்னவில்லை.

"உங்களுக்கு என்ன விசரே?" என்றாள் அன்ரனெற். "அந்தாள் என்ன, உங்களைக் கட்டினவரே?"

"நீ சும்மா இரு. உவன் ராகுலன் சூசைக்கு மருந்து போட்டு மயக்கிப்போட்டான். நேற்று வந்தவன், இண்டைக்கு என்ரை இடத்திலை குந்தப் போறான்."

"மருந்தும் மண்ணாங்கட்டியும். அந்தாளுக்குப் புதுச் சாமான் ஆசை வந்திட்டுது, விடுங்கோவன்."

அவன் விடவில்லை. திருகுகிற போல்ற் எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்று நிரூபித்துவிட்டால் சூசைதாசனுக்குப் புத்தி வரும் என்று நம்பினான். பொறாமை பிடித்தவனுக்கு வருகிற யோசனை வேறு எப்படி இருக்கும்? ராகுலனுக்கு ஃபோன் எடுத்து, ஸ்ரௌவ்வில்லுக்கு அப்பால் இருக்கிற சுடுகளத்துக்குச் சனிக்கிழமை வரச் சொன்னான். ஆளுக்கு ஐந்து ரவை, குறிக்கு ஒரு கடதாசித் தட்டு. துவக்கைத் தோளிலிருந்து எடுக்காமல் சுட வேண்டும். ஒரு வெடி தட்டுக்கு வெளியே போனாலும் தோல்வி. எல்லாம் உள்ளே விழுந்தால் முதலில் முடிக்கிறவன் வெற்றி. வென்றவன்தான் சூசைதாசனோடு குடிலில் இருப்பது.

"அண்ணை, இதுக்கெல்லாம் போட்டி வேணுமே?" என்றான் ராகுலன்.

"பயமோ?"

"பயமில்லை அண்ணை. சூசையண்ணைக்கு விருப்பமெண்டால் சரி."

சூசையண்ணைக்கு விருப்பமெண்டால்! அந்த வாயைப் பாருங்கள். றெமிஜியஸ் பல்லைக் கடித்துக்கொண்டான்.

சூசைதாசனுக்கு விருப்பமில்லை. வேண்டாம் என்று இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தான். றெமிஜியஸ் மூஞ்சியை நீட்டிக்கொண்டு நிற்கவே, "சரி, வெல்லுறவனோடை இருக்கிறன். இதோடை ஆளை விடு" என்று ஒப்புக்கொண்டான். அந்தக் கிழமை முழுவதும் பேஸ்மென்ரில் போலி ரவையை ஏற்றி, தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்கி, றெமிஜியஸ் வீட்டையே இரண்டுபடுத்தினான். கடகட சத்தத்தில் நாடகம் பார்க்க முடியவில்லை என்று அன்ரனெற் மேலேயிருந்து கத்தினாள்.

சனிக்கிழமை நல்ல வெயில், ஆனால் குளிர். ராகுலன் முதலில் சுட்டான். இழுத்தான், தள்ளினான், துவக்கு அசையவே இல்லை. இவ்வளவு கெதியாக ஒரு மனிதன் சுட்டு றெமிஜியஸ் பார்த்ததில்லை. ஆனால் வேகம் கூடிப்போய்க் கடைசி வெடி தட்டின் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. அடுத்து றெமிஜியஸ். அவன் அவசரப்படவில்லை. ஐந்தும் உள்ளே.

"பாத்தியோ?" காதுமூடியைக் கழற்றி எறிந்துவிட்டுச் சத்தம் போட்டான். "பாத்தியோடா சூசை! துவக்கிலை ஒண்டுமில்லை. எல்லாம் கையிலைதான் இருக்கு."

"ஓம், வெண்டிட்டாய்" என்றான் சூசைதாசன். "வா, போய்க் கோப்பி குடிப்பம்."

அதோடு விட்டிருக்கலாம். றெமிஜியஸ் விடுகிற ஆளா? ராகுலனின் முகத்துக்கு முன்னால் தன் நண்பனைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரே அந்தரம், ஒரே அவசரம். தன் துவக்கில் இரண்டு ரவையைப் போட்டுச் சூசைதாசனின் கையில் திணித்தான்.

"இந்தா, நீயும் சுடு. உன்ரை பழைய துவக்கின்ரை தம்பிதானே. உந்த விளையாட்டுச் சாமானை மறந்துபோவாய்."

"வேண்டாமடா."

"சுடடா! போன வருசமும் ரெண்டாவது வெடி வைக்கத் தெரியாமல் நிண்டு மான் கிடாயை ஓடவிட்டனி. இப்ப பழகு."

சூசைதாசன் சுட்டான். முதல் வெடி தட்டின் நடுவில். பிறகு கையைப் போல்ற் கைப்பிடியில் வைத்தான். அது மேலே எழும்பவில்லை. முழங்கையை உயர்த்தினான், தோளைச் சரித்தான், உதட்டைக் கடித்தான். மணிக்கட்டு திரும்ப மறுத்தது. பக்கத்தில் சுட வந்திருந்த வெள்ளைக்காரர் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சூசைதாசனின் கண்ணில் நீர் முட்டியது.

ராகுலன் ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் வந்து, "விடுங்கோ அண்ணை" என்று கைப்பிடியைத் தூக்கி இழுத்து, வெடித்த ரவையின் கோதையும் மிச்ச ரவையையும் வெளியே எடுத்து, துவக்கை மேசையில் வைத்தான். பலநாள் செய்து பழகிய வேலைபோல இருந்தது. பிறகு சாமான்களை அடுக்கப் போனான்.

றெமிஜியஸ் கிட்ட வந்தான். சூசைதாசனை மர வாங்கில் இருத்திப் பக்கத்தில் குந்தினான்.

"என்னடா கைக்கு?"

"மூட்டு தேஞ்சு போச்சாம். திருகக் கூடாது. இழுக்கலாம், தள்ளலாம்."

"எப்ப தொடக்கம்?"

"ரெண்டு வருசம்."

"அவனுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

நண்பனின் கை பழுதாகிப்போனதற்கு முதலில் மனம் நோக வேண்டும். றெமிஜியஸுக்கும் நொந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முந்திக்கொண்டு அந்த "ஓம்" போய் நெஞ்சில் குத்தியது.

"எனக்கு ஏன்ரா சொல்லேல்லை? நேற்று வந்தவனுக்குச் சொன்னனி."

"உனக்குச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?"

என்ன சொல்லியிருப்பான் என்று றெமிஜியஸுக்கே தெரியும். வேட்டைக்குப் போனது காணுமடா, இனி நீ வீட்டிலை இரு, உன்ரை பங்கு இறைச்சியை நான் கொண்டுவந்து தாறன் என்றிருப்பான். பாசத்தோடுதான் சொல்லியிருப்பான்.

"அவன் என்ன சொன்னவன்?"

"வேறை துவக்கு ஒண்டு பாப்பம் அண்ணை எண்டவன்."

பிறகு சூசைதாசன் எழும்பி ஜக்கெற்றைப் போட்டான்.

"வெண்டது நீ. சொன்ன சொல்லு சொன்னதுதான். நவம்பரிலை உன்னோடை வாறன்." வேலைக்குப் போகிறவன் மாதிரிச் சொன்னான்.

கேட்டது கிடைத்துவிட்டது. இப்படிக் கிடைக்கும் என்று றெமிஜியஸ் நினைத்திருக்கவில்லை. பெருந்தன்மை காட்ட இதைவிட்டால் வேறு நேரம் இல்லை என்று பட்டது. சூசை மறுப்பான், கட்டாயம் மறுப்பான் என்ற நம்பிக்கையோடு சொன்னான்:

"இல்லையடா. நீ அவனோடையே இரு."

"சரி" என்றான் சூசைதாசன் உடனேயே, ராகுலனுக்குக் கேட்கும்படியாக.