டிக்காஷன் நிறம்

செவ்வாய்க்கிழமை காலை, நிலக்கரிக் கொட்டகைக்குப் பின்னால், பனியில் என் சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் விழுந்தது.

கொல்லைக் கடைசியில் இருக்கும் கக்கூஸ் வரை நடக்கத் தொடையில் தெம்பில்லாமல்தான் அங்கேயே நின்றேன். மஞ்சள் இல்லை, சிவப்பும் இல்லை. பால் ஊற்றுவதற்கு முன் கோப்பையின் அடியில் நிற்குமே, அந்த நிறம். பூட்ஸ் காலால் பனியைத் தள்ளி மூடப் பார்த்தேன். கால் உயரவில்லை. இரண்டு கையாலும் தொடையைத் தூக்கி நகர்த்தி மூடினேன்.

பதினெட்டு வருஷமாக ரயில்வே யார்டில் நான் லோடுமேன். சிமென்ட் வேகன் வந்தால் ஐம்பது கிலோ மூட்டை, நிலக்கரி வந்தால் மண்வெட்டி. அப்பாவும் அதே யார்டுதான். எங்கள் வீட்டில் உடம்பும் மண்வெட்டியும் ஒன்று. பிடி உடைந்தால்தான் அதைத் திரும்பிப் பார்ப்போம். போன குளிர்காலத்தில் மூட்டையோடு விழுந்த ஓராஸ் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். அவனைப் பார்த்த பிறகு யார்டை நினைத்தாலே எனக்குத் தூக்கம் கெட்டுப்போயிற்று.

எங்கள் ஊர்ச் சுரங்கத்தின் மீட்புப் படையில் நான்கு பேரை எடுக்கப்போவதாக ஜனவரியில் சொன்னார்கள். எடை தொண்ணூற்றைந்துக்குக் கீழே, வயது நாற்பதுக்குக் கீழே. என் எடை நூற்றிரண்டு. வயது முப்பத்தொன்பது, ஆகஸ்டில் நாற்பது. பரீட்சை இந்த வெள்ளிக்கிழமை. இதை விட்டால் எனக்கு மறுபடியும் சிமென்ட்தான், ஓராஸின் சுவர்தான்.

அதற்காகத்தான் மூடிய சினிமாக் கொட்டகையின் அடித்தளத்தில் இருக்கும் ஜிம்முக்குப் போனேன். அதை நடத்துபவள் அக்மாரல். இருபத்தேழு வயது. முன்பு மாவட்டத்துக்காகப் பளு தூக்கியவள். ஒரு கவ்வியால் என் வயிற்று மடிப்பைப் பிடித்து அளந்தாள். இடுப்பைச் சுற்றி டேப் போட்டாள். தராசில் கடைசியாகத்தான் ஏற்றினாள்.

"தராசு குருடு அண்ணே. எலும்பு, சதை, தண்ணி, கொழுப்பு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு ஒரு நம்பர் சொல்லும். தோள்லயும் முதுகுலயும் உங்களுக்கு இருக்கிறது சதை. அதைத் தொடாதீங்க. இந்தா, இங்க தொங்குது பாருங்க, இதுதான் போகணும்."

"எப்பப் போகும் தங்கச்சி?"

"வாரத்துக்கு அரைக் கிலோ. மிஞ்சினா ஒரு கிலோ."

"அஞ்சு வாரந்தான் இருக்கு."

"அப்ப அஞ்சு கிலோ. பாக்கி ரெண்டுக்கு டாக்டர் கால்ல விழுங்க."

கறியைக் குறைக்காதே, ஆட்டு வால் கொழுப்பையும் எண்ணெயில் பொரித்த பௌர்சாக் ரொட்டியையும் சர்க்கரையையும் குறை என்றாள். உட்கார்ந்து எழுவது பத்துப் பத்தாக மூன்று முறை, மறுநாள் ஓய்வு என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"பதினெட்டு வருஷமா மூட்டை தூக்குறேன். என்னைப் போய் பத்து எண்ணச் சொல்றியே."

"தூக்கிட்டு நேரா நடக்குறீங்க. உக்காந்து எந்திரிக்கிறது வேற. புது வேலைன்னா பழைய சதையும் பச்சைப் புள்ளைதான். கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டுங்க, நடுநடுவுல தண்ணி குடிங்க. மூட்டுல வலிச்சா அப்பவே நிறுத்துங்க. சதை வலி ரெண்டு மூணு நாள்ல அடங்கும். அடங்காம வீங்குனா, ஒண்ணுக்குக் கறுத்துச்சுன்னா, என்கிட்ட வராதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

ஒரு பெண்பிள்ளை கூச்சமில்லாமல் ஒண்ணுக்கைப் பற்றிப் பேசுகிறாளே என்று அதற்கும் சிரித்தேன்.

அவள் சொன்னபடிதான் நான்கு வாரம் செய்தேன். போன சனிக்கிழமை தராசு தொண்ணூற்றெட்டு காட்டியது. அன்று வீட்டுக்கு வந்த என் மச்சினன் செம்பெக் தலையில் அடித்துக்கொண்டான். என் மனைவி ரௌஷானின் தம்பி அவன். நிலக்கரி லாரி ஓட்டுகிறான். குதிரைப் பந்தயம் என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

"மச்சான், பந்தயத்துக்கு முன்னாடி குதிரைக்கு என்ன பண்ணுவாங்க? போர்வையைப் போத்தி ஓட விட்டு வேர்வை எடுப்பாங்க. வேர்வை எடுக்காத குதிரை ஜெயிச்சதாச் சரித்திரமே கிடையாது."

"நான் குதிரையாடா மாப்ள?"

"குதிரையா இருந்தா இந்நேரம் வித்திருப்பேனே."

ரௌஷான் அடுப்படியிலிருந்து, "வித்தா யாரு வாங்குவா, பல்லப் பாத்தாலே வயசு தெரிஞ்சிரும்" என்றாள். மூவரும் சிரித்தோம். அன்று மாலையிலிருந்து நான் தண்ணீர் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீராவிக் குளியலறையில் கல் சிவக்க அடுப்பு எரித்தோம். யார்டு ரப்பர் கோட்டை மேலே மாட்டிக்கொண்டேன். ஐந்நூறு முறை உட்கார்ந்து எழுவது என்று பேச்சு. செம்பெக் எண்ணினான். இருநூறில் தொடை ஆடியது. முந்நூறில் எரிந்தது. நானூறுக்கு மேல் எரிச்சலும் போய் மரத்துவிட்டது. அதை நான் பலம் என்று நினைத்தேன். ஐந்நூறு முடித்து கோட்டைக் கழற்றினால் உள்ளேயிருந்து வேர்வை வாளி அளவு கொட்டியது. தராசு தொண்ணூற்று நான்கரை. செம்பெக் என்னைக் கட்டிப்பிடித்து ஆடினான்.

திங்கட்கிழமை தொடை இரண்டும் வீங்கிக் கட்டையாக நின்றன. விரலால் அழுத்தினால் அமுங்கவில்லை. சதை வலிதான் என்று சொல்லிக்கொண்டேன். செவ்வாய் காலை பனியில் அந்த நிறம்.

உள்ளே வந்து யாரிடமும் பேசாமல் படுத்தேன். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் வெள்ளிக்கிழமை போயிற்று. பிறகு ஆகஸ்ட். வாயை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தேன். அக்மாரல் சொன்னது காதில் வந்துகொண்டே இருந்தது.

பத்து மணிக்கு செம்பெக் வந்தான். நான் சுவரைப் பிடித்து எழுந்ததைப் பார்த்து முதலில் சிரித்தான்.

"என்ன மச்சான், இப்பத்தான் பொறந்த ஒட்டகக் குட்டி மாதிரி?"

நான் சிரிக்கவில்லை. அவன் குனிந்து தொடையைத் தொட்டான். அவன் முகம் மாறியது.

"ரத்தம் கட்டிக்கிச்சு. புதுசா உரிச்ச ஆட்டுத் தோல்ல போட்டுருவோம். எங்கப்பாவுக்கு நெஞ்சுச் சளி கட்டி டாக்டரே கையை விரிச்சப்போ தோல்லதான் பொழைச்சாரு. நல்லா வேர்த்தா வெள்ளிக்கிழமை நீங்க பறக்கலாம்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பான். அதனால் சரி என்றேன்.

தான் இலையுதிர் காலத்திலிருந்து கொழுக்க வைத்திருந்த ஆட்டை அவன் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். முற்றத்தில் அறுத்து உரித்த தோலை ஆவி பறக்க அப்படியே உள்ளே கொண்டுவந்தான். துணியில்லாமல் என்னைக் கிடத்தி, ஈரப் பக்கம் உடம்பில் ஒட்டும்படி மார்பிலிருந்து முழங்கால் வரை சுற்றிக் கயிறு கட்டினான். மேலே மூன்று ரஜாய்ப் போர்வை. முதலில் சூடு இதமாக இருந்தது. பிறகு வேர்வை பொங்கியது. என்னிடம் மிச்சமிருந்த தண்ணீரெல்லாம் அந்தத் தோலுக்குள் போவது எனக்குத் தெரிந்தது.

"தண்ணி" என்றேன்.

"இப்பக் குடிச்சா எடை ஏறிடும் மச்சான். பல்லைக் கடிங்க."

நேரம் போகப் போகத் தோல் இறுகியது. கை உள்ளே. கால் உள்ளே. ஆட்டு வாடை மூக்கை அடைத்தது. அப்போது நெஞ்சில் ஒரு துடிப்பு விடுபட்டது. படியில் கால் வைக்கப் போய்ப் படி இல்லாமல் போவது போல. கொஞ்சம் கழித்து இன்னொன்று. மூட்டையோடு பலகைமேல் நடந்தபோதெல்லாம் எனக்கு இந்தப் பயம் வந்ததில்லை. அங்கே கீழே போட்டுவிட்டுக் குதிக்கலாம். இங்கே எதைக் கீழே போடுவது?

ரௌஷான் தேநீர்த் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தம்பிக்காகக் கோப்பையில் டிக்காஷனை ஊற்றினாள். வெந்நீரும் பாலும் இன்னும் சேர்க்கவில்லை. நான் கோப்பையைப் பார்த்தேன்.

"எனக்கு இப்படித்தான் போகுது" என்றேன்.

"என்ன போகுது?"

"ஒண்ணுக்கு. காலையிலேருந்து. இதே நிறம்."

அவள் கை அப்படியே நின்றது. டீ நிரம்பித் தட்டில் வழிந்தது. கழற்றிப் போட்டிருந்த என் சட்டைப் பையைத் துழாவி ஜிம் அட்டையை எடுத்து, அக்மாரலின் எண்ணை அழுத்தினாள். போன் ஒலிபெருக்கியில் கரகரத்தது. ரௌஷான் நிறத்தைச் சொன்னாள்.

"எங்க இருக்காரு இப்ப?" என்றாள் அக்மாரல்.

"தோல்ல."

எங்கள் மொழியில் வேர்வை 'தெர்', தோல் 'தெரி'. ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்தக் கரகரப்பில் அவளுக்கு வேர்வையில் என்று கேட்டிருக்கிறது.

"வேர்த்தா துடைச்சிட்டு ரெண்டு டம்ளர் தண்ணி குடுங்க அக்கா. அப்புறம் ஆஸ்பத்திரி."

"வேர்வை இல்லம்மா, தோலு! ஆட்டுத் தோலுக்குள்ள கட்டிப் போட்டிருக்கான் என் தம்பி!"

அந்தப் பக்கம் அவள் கத்தியது முற்றம் வரை கேட்டிருக்கும்.

"அறுங்க! அறுத்து வெளிய எடுங்க! சதை உடைஞ்சு ரத்தத்துல கலந்துருச்சு. தண்ணி இல்லாம சிறுநீரகம் அடைச்சிரும், நெஞ்சும் நின்னுரும். சீக்கிரம்!"

செம்பெக் குறுக்கே நின்றான். அழுகிற முகம்.

"அக்கா, பாதியில பிரிச்சா குளிர் உள்ள எறங்கிடும். செத்துருவாருக்கா! நேரம் முடியட்டும்."

"கத்தியக் குடு."

"அக்கா..."

"குடுறா நாயே!"

ஆட்டை அறுத்த அதே கத்தி. கயிறு தெறித்தது. தோலை என் மார்பிலிருந்து கீழே அவள் கிழித்தபோது குளிர் காற்று என்மேல் விழுந்தது. செம்பெக் கண்ணை மூடிக்கொண்டான், நான் அங்கேயே சாவேன் என்று. நான் தண்ணீர் குடித்தேன்.

லாரியில் ஆஸ்பத்திரி போகிற இருபது நிமிடமும் நெஞ்சின் மேல் கை வைத்துத் துடிப்பை எண்ணினேன். ஒன்று விடுபடும்போதெல்லாம் ரௌஷானின் விரலை நெரித்தேன். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

டாக்டர் ரத்தம் எடுத்தார், இரண்டு கையிலும் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினார். கட்டிலுக்குக் கீழே, சிறுநீர்க் குழாயின் முனையில் கோடு போட்ட ஒரு பை தொங்கியது. புதன் முழுக்க அதில் ஒரு கையளவுகூடச் சேரவில்லை. அதுவும் கறுப்பு. வியாழக்கிழமை முகம் வீங்கியது. வெள்ளி காலை டாக்டர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மத்தியானத்துக்குள்ள இந்தக் கோட்டைத் தொடணும். தொடலைன்னா நகரத்துக்கு அனுப்பி ரத்தம் சுத்தம் பண்ற மெஷின்ல போடணும்" என்றார்.

பத்து மணி. அந்நேரம் மீட்புப் படை வாசலில் பெயர் கூப்பிட்டிருப்பார்கள். எனக்கு அது ஞாபகம் வந்தது, போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஐந்நூறு வரை எண்ணிய செம்பெக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் முழங்காலிட்டுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவுடா?"

"கோட்டுக்கு ரெண்டு விரல் கீழ."

"நிறம்?"

அவன் உள்ளங்கையால் பையை மறைத்தான்.

பதினொன்றரைக்கு ஒரு விரல். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது செம்பெக் மூக்கை உறிஞ்சினான்.

"தொட்டுருச்சு மச்சான்."

"பொய் சொல்லாதடா."

"எங்கப்பன் சமாதி மேல சத்தியம். நிறங்கூட கொஞ்சம் வெளுத்தாப்புல..."

ரௌஷான் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். அதன் பிறகுதான் நான் நம்பினேன்.

இப்போது ஏப்ரல். ஜூலை வரை மூட்டை கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகும் யார்டுதான். வீட்டில் எனக்கு மட்டும் டீ வெளிறிப்போய் வருகிறது. எங்கள் ஊரில் வேண்டாத விருந்தாளிக்கு ஊற்றுகிற டீ அது. செம்பெக் கோப்பையைப் பார்த்து வாய் திறக்கிறான், எதையோ நினைத்து மூடிக்கொள்கிறான்.

நேற்று ஜிம்முக்குப் போனேன். ஆறு வாரம் வெறும் நடை, அதன் பிறகு வாருங்கள் என்று அக்மாரல் சொல்லியிருந்தாள். பத்து முறை உட்கார்ந்து எழச் சொன்னாள். ஏழாவதில் நிறுத்திவிட்டேன்.

"வலிக்குதாண்ணே?"

"இல்ல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏழு போதும். தண்ணி குடிங்க."

பனி உருகிவிட்டது. கொட்டகைக்குப் பின்னால் கறுப்பு மண், நிறம் தெரிவதில்லை. ரௌஷான் அங்கே ஒரு பழைய வெள்ளை எனாமல் குவளையைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். தினமும் காலையில் அதை நிமிர்த்தி அதில்தான் போகிறேன், வெளிச்சத்தில் சாய்த்து நிறத்தைப் பார்த்த பிறகுதான் கொட்டுகிறேன்.