துராத் அகாயின் அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொன்னது

செப்டம்பரில் பள்ளி திறந்துவிட்டால் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஏரியின் தென்கரையில் இருக்கிற சின்ன ஊர்ப் பள்ளிதான். ஆனால் அது சின்னப் பள்ளி என்று மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு யாரும் சொல்லவில்லை. தாய்மொழி நாள், கணித வாரம், நூலக வாரம், குறுக்கோட்டம், கைப்பந்து, ஒலிம்பியாட் தேர்வின் பள்ளிச் சுற்று, இலையுதிர்கால விழா, எல்லாம் நவம்பர் விடுமுறைக்குள் நடந்தாக வேண்டும். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். நான் அங்கே உயிரியல் ஆசிரியை. நடுவில் பாடமும் நடத்தினோம் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் போட்டோ இல்லை.

எங்கள் தலைமையாசிரியர் தமாரா எஜெ. எங்கள் பக்கம் பெண் ஆசிரியர் எல்லோரும் எஜெ, ஆண்கள் எல்லோரும் அகாய். அலுவலகத்திலிருந்து எந்த உத்தரவு வந்தாலும் மறுத்துப் பேசிப் பழகாதவர் தமாரா எஜெ. அவர் என்ன சொன்னாலும் மறுத்துப் பேசிப் பழகாதவர் உடற்கல்வி ஆசிரியர் துராத் அகாய். நாற்பதைத் தாண்டியவர். வாசலில் நின்றால் கதவு தேவையில்லை, அப்படி உடம்பு. "துராத், ஞாயித்துக்கிழமை கொஞ்சம் வர முடியுமா?" என்று எஜெ கேட்டு முடிப்பதற்குள், "வந்துடறேன் எஜெ" என்றுவிடுவார்.

துராத் அகாய் சொல்வதை மறுக்கத் தெரியாத ஒருத்தி இருந்தாள். பதினொன்றாம் வகுப்பு கனிஷாய். உயரமாக இருந்ததால் கைப்பந்து. கால் நீளமாக இருந்ததால் குறுக்கோட்டம். கணக்கு வருமென்பதால் ஒலிம்பியாட். கையெழுத்து அழகென்பதால் பள்ளியின் சுவர்ப்பத்திரிகை மொத்தமும் அவள் தலையில். ஒருநாள் அவளுடைய அம்மா என்னைச் சந்தையில் பிடித்து நிறுத்தினாள். "எம் பொண்ணு உங்க ஸ்கூல்ல படிக்கிறாளா, இல்ல வேலைக்குச் சேந்துட்டாளா?" என்று கேட்டாள்.

அக்டோபரில் ஆசிரியர் தினம் வந்தது. அது ஞாயிற்றுக்கிழமை என்பதால் வெள்ளியன்றே கொண்டாடினோம். அன்றைக்குப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் பாடம் நடத்துவார்கள், ஆசிரியர்கள் மாணவர்களாக உட்கார வேண்டும். ஏற்கெனவே பதினொன்றில் ஏ, பி இரண்டு பிரிவு உண்டு. நாங்கள் சி பிரிவு. தலைமையாசிரியராக யார் இருப்பது என்று பையன்களைக் கேட்டால், காலையில் சீக்கிரம் வர வேண்டுமே என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து கனிஷாயைப் பார்த்தார்கள். அவள் வழக்கம்போல் சரி என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை, அம்மாவின் கறுப்புக் கோட்டைப் போட்டு, கொண்டை முடிந்து வந்து நின்றாள். தமாரா எஜெ பள்ளி முழுவதன் முன்னிலையிலும் பொறுப்பை ஒப்படைக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டு, அறைச் சாவியைக் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினோம். எங்களுக்கு அது விளையாட்டு. அவளுக்கு விளையாடத் தெரியாது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அந்தக் குறுகலான பெஞ்சில் உட்கார்ந்ததும் எங்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. ஓய்வு பெறும் வயதிலிருந்த இயற்பியல் ஆசிரியர் எசென் அகாய் பையிலிருந்து சூரியகாந்தி விதையை எடுத்துக் கொறித்து, தோலை என் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். தமாரா எஜெ கடைசி பெஞ்சில் போனில் யாருக்கோ ஊறுகாய் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தார். துராத் அகாய் தாமதமாக வந்தார், அதுவும் ஜன்னல் வழியாக. வரலாறு நடத்திக்கொண்டிருந்த பையன் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் அவன் முதுகில் ஒரு காகித உருண்டை விழுந்தது.

கனிஷாய் வாசலில் நின்றிருந்தாள்.

"மாணவர் துராத், எந்திரிங்க."

துராத் அகாய் எழுந்தார். பெஞ்சும் அவரோடு எழுந்தது. "நான் இல்ல எஜெ. எசென்தான் போட்டான்."

"பொய் சொல்றான் எஜெ," என்றார் எசென் அகாய். "எங்கிட்ட பேப்பரே கெடையாது. நோட்டே கொண்டு வரல."

"ஏன் கொண்டு வரல?"

"மாடு தின்னுடுச்சு எஜெ."

வகுப்பே சிரித்தது. கனிஷாய் சிரிக்கவில்லை. "இது முதல் எச்சரிக்கை," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாவது எச்சரிக்கைக்கு இடமே இல்லாமல் போயிற்று. கொஞ்ச நேரத்தில் துராத் அகாய்க்குப் பசித்தது. மணி அடிக்க இன்னும் நேரமிருந்தது. கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து முழு மூச்சில் ஊதினார். அந்த விசில் சத்தம் ஏரியில் மீன் பிடிப்பவர்களுக்குக்கூடக் கேட்கும். தீ விபத்துப் பயிற்சிக்கும் அதே விசில்தான் என்பதை அவர் மறந்துபோனார். கீழ்த்தளத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள், போன மாதம் சொல்லிக்கொடுத்தபடியே, வரிசையாகக் கைகோத்து மேல்கோட்டில்லாமல் குளிரில் வெளியே ஓடினார்கள். சிலர் நன்றாகவே பயிற்சி எடுத்திருந்ததால் கேட்டையும் தாண்டிப் போய்விட்டார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து, மூக்கைத் துடைத்து, உள்ளே கொண்டுவந்து சேர்த்தவள் கனிஷாய். திரும்பி எங்கள் வகுப்புக்கு வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"துராத், உங்க வீட்டுலேருந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க. அப்புறம் வகுப்புக்குள்ள வந்தா போதும்."

"அப்பா இல்ல எஜெ, தவறிட்டாரு. அம்மா மலைக்கு அந்தப் பக்கம் கிராமத்துல இருக்காங்க. வர மாட்டாங்க. மாடு இருக்கு."

மறுபடியும் சிரித்தோம். அவள் நேராக அலுவலக அறைக்குப் போய், எழுத்தரிடம் எண்ணை வாங்கி, போன் செய்துவிட்டாள். அவள் நினைத்தது இவ்வளவுதான் என்று பிறகு என்னிடம் சொன்னாள்: விஷயத்தைச் சொன்னால் அந்த அம்மா சிரிப்பாள், ஸ்பீக்கரில் போட்டு எல்லோர் முன்னாலும் அவரை ரெண்டு வார்த்தை திட்டச் சொல்லலாம். ஆனால் மலைப்பக்கம் போன் லைன் ஒழுங்காக இருக்காது. துராத் அகாயின் தாயார் புரூல் அம்மா காதில் விழுந்தது "ஸ்கூல்", "துராத்", "வாங்க" மூன்றும்தான். போனை வைத்துவிட்டாள்.

நாங்கள் சாப்பிட்டு முடிக்கும் நேரம். ஆப்பிள் ஏற்றிய லாரி ஒன்று பள்ளி வாசலில் வந்து நின்றது. வெள்ளைத் தலைத்துணி, வெல்வெட் மேல்சட்டை, காலில் ரப்பர் செருப்போடு ஒரு அம்மா இறங்கினாள். கையில் பெரிய பை. நடைபாதையில் நான்தான் எதிரே போனேன்.

"ஹெட்மாஸ்டர் ரூம் இன்னும் அங்கதான இருக்கு?"

"பெரியம்மா, கொஞ்சம் இருங்க, நான் சொல்றேன்..."

"வழி தெரியும்மா. இவன் படிக்கிறப்ப வாராவாரம் வந்திருக்கேன்."

நான் துராத் அகாயைத் தேடி ஓடினேன். அவர் சாப்பாட்டுக்கூடத்தில் இரண்டாவது தட்டில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார். எசென் அகாயும் தமாரா எஜெயும் பின்னால் வந்தார்கள். அறைக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே போக யாருக்கும் தைரியமில்லை. அங்கேயே நின்றோம்.

"நீங்கதான் ஹெட்மாஸ்டரம்மாவா?"

"இன்னிக்கு மட்டும்தான் பெரியம்மா. என்னன்னா..."

"ஓ, இன்னிக்குத்தான் சேந்தீங்களா. ரொம்பச் சின்ன வயசா இருக்கே. யாரு வீட்டுப் பொண்ணு?"

கனிஷாய் தாத்தாவின் பேரைச் சொன்னாள்.

"மாவுமில் வெச்சிருந்தாரே, அவரு பேத்தியா?" புரூல் அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "உங்க தாத்தாவுக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு ஆட்டு விஷயத்துல சாகறவரைக்கும் பேச்சுவார்த்தை இல்ல. அதெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டு எம் பையன் வயித்துல அடிச்சுடாதீங்க, தாயி. இந்தாங்க, போர்சோக், மாவு பிசைஞ்சு காலையிலதான் பொரிச்சேன். காய்ஞ்ச தயிர் உருண்டை, குருத்தும் இருக்கு. சாப்பிடுங்க."

"ஐயோ, பெரியம்மா, அதெல்லாம் வேணாம்."

"என்ன பண்ணினான்?"

"க்ளாஸ்ல விசில் ஊதினாரு."

"அதுதான அவனுக்கு வேலை?"

"பாடம் நடக்கறப்ப ஊதினாரு."

"சின்னப் புள்ளைலேருந்தே அப்படித்தான். ஆனா கெட்டவன் இல்ல, சோம்பேறி. ஓட்டப்பந்தயம்னா போதும், போய் வைக்கோல் போருக்குள்ள ஒளிஞ்சுக்குவான்."

மழையிலும் பிள்ளைகளை ஏரி வரைக்கும் ஓடவிடுகிற துராத் அகாயை எசென் அகாய் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

"வைக்கோல் போரா?"

"ஒரே ஒரு தடவை," என்றார் துராத் அகாய்.

"வருஷா வருஷம்," என்றது உள்ளேயிருந்து குரல். "வேலைய விட்டு மட்டும் எடுத்துடாதீங்க ஹெட்மாஸ்டரம்மா."

அதைக் கேட்டதும் கனிஷாய் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். கோட்டைக் கழற்றி, ஆசிரியர் தினம், விளையாட்டு, தான் வெறும் மாணவி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். நாங்கள் வெளியே கண்ணை மூடிக்கொண்டோம். அறுவடை நேரத்தில் ஒரு அம்மாவை மலை தாண்டி வரவைத்தாயிற்று. இனிப் பள்ளிக்கே ஒரு நல்ல வசவு காத்திருந்தது.

"அப்ப அவன ஒண்ணும் பண்ண மாட்டீங்க?" என்றாள் புரூல் அம்மா.

"மாட்டோம் பெரியம்மா. சத்தியமா."

"அப்படியா." பெருமூச்சு விட்டாள். "வர்ற வழியில எனக்கு ஒரு நெனப்பு. வேலைய விட்டு எடுத்துட்டா உருளைக்கிழங்காவது தோண்டிக் குடுப்பான்னு."

பிறகு அவள் சொன்னதெல்லாம் சிரிக்கிற மாதிரி இல்லை. கிழங்கு மண்ணுக்குள் கிடக்கிறது. மேலே மலையில் பனி விழுந்துவிட்டது. வருகிறேன் வருகிறேன் என்று மகன் ஒவ்வொரு வாரமும் சொல்கிறான். ஞாயிறு வந்தால் போட்டி என்கிறான், ஊர்வலம் என்கிறான்.

"அவனச் சொல்லிக் குத்தமில்ல. அவன் வாயில 'முடியாது'ங்கற வார்த்த வராது. அவங்க அப்பா ஆசையா ஒரு சேணம் வாங்கிக் குடுத்தாரு. பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான்னு தூக்கிக் குடுத்துட்டான். சேணம் இல்லாத குதிரையில ஏறி விழுந்து கை ஒடிஞ்சுது. கட்டுப் போட்டுக்கிட்டு கெடந்தப்பகூட அதத் திருப்பிக் கேக்கல. கேட்டா அந்தப் பையன் மனசு கஷ்டப்படுமாம்."

துராத் அகாய் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் வேறெங்கோ பார்த்தேன். உள்ளே கனிஷாய் கோட்டை மறுபடி மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கதவு முழுவதும் திறந்தது. ஒட்டுக்கேட்ட நாங்கள் நால்வரும் அப்படியே மாட்டிக்கொண்டோம்.

"தமாரா எஜெ, ஞாயித்துக்கிழமை என்ன நிகழ்ச்சி?"

"ஆரோக்கிய நடைம்மா. ஆசிரியர்கள் எல்லாரும் ஏரிக்கரை வரைக்கும் நடக்கணும். ஆபீஸ் உத்தரவு."

"அது வேணாம். சி பிரிவு முழுக்க ஞாயித்துக்கிழமை புரூல் பெரியம்மா வீட்டுல கிழங்கு தோண்டப் போகணும்."

"கனிஷாய், விளையாட்டு போதும்மா. போட்டோ அனுப்பணும்."

"இன்னிக்கு நான்தான ஹெட்மாஸ்டர்?"

"பள்ளி விடற வரைக்கும்தான்."

"இன்னும் விடலையே எஜெ."

தமாரா எஜெ காலையில் எல்லோர் முன்னாலும் போட்ட கையெழுத்து. உத்தரவை மறுத்து அவருக்குப் பழக்கமும் இல்லை. "சரி," என்றார், கொஞ்சம் ஆச்சரியத்தோடு.

"இன்னொண்ணு." கனிஷாய் துராத் அகாயைப் பார்க்காமல் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசினாள். "பதினொண்ணுல கனிஷாய்னு ஒரு பொண்ணு இருக்கா. அவ பேர குறுக்கோட்டத்துலேருந்து எடுத்துடுங்க. கைப்பந்துலேருந்தும் எடுத்துடுங்க. சுவர்ப்பத்திரிகையும் வேணாம். அவளால முடியல. ஒலிம்பியாட் மட்டும் எழுதட்டும்."

துராத் அகாய் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரி எஜெ," என்றார். "எடுத்துடறேன்."

"இப்ப சாப்பிடுங்க," என்று புரூல் அம்மா பையை எல்லோர் முன்னாலும் நீட்டினாள். ஒட்டுக்கேட்டவர்களுக்கும் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை போனோம். எங்கள் ஆசிரியர் தினம் சேற்றில் கழிந்தது. எசென் அகாய் மண்வெட்டியை எந்தக் கோணத்தில் பிடித்தால் பலம் மிச்சமாகும் என்று விளக்கியே மதியம் வரை பலத்தை மிச்சப்படுத்தினார். தமாரா எஜெ தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, பள்ளியை நடத்துவது போலவே வரப்பில் நின்று எல்லோரையும் ஏவினார். புரூல் அம்மா அவரிடம், "நீ எந்த வேலைக்கும் ஆக மாட்டேம்மா, போய் அடுப்பப் பாரு," என்றதும் மறுபேச்சில்லாமல் போனார். துராத் அகாய் மட்டும் தலை நிமிராமல் ஒரு பாத்தி முடிந்து அடுத்த பாத்தி என்று போய்க்கொண்டேயிருந்தார். அவர் அம்மா பின்னாலேயே நடந்து, அவர் விட்டுவிட்ட கிழங்குகளைப் பொறுக்கிப் பொறுக்கி அவர் முதுகில் எறிந்தாள்.

மூட்டை சுமந்து நிற்கும் எங்களை ஒரு படம் எடுத்து, ஆரோக்கிய நடை என்று எழுதி அனுப்பினார் தமாரா எஜெ. எடையோடு நடக்கும் புதிய முறை பாராட்டத்தக்கது என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அடுத்த வாரம் மாவட்டத்திலுள்ள மற்றப் பள்ளிகளுக்கும் அதேபோல் நடக்க உத்தரவு போயிற்று. மூட்டைக்குள் என்ன போடுவது என்று கேட்டு மூன்று ஊர்த் தலைமையாசிரியர்கள் எங்களுக்குப் போன் செய்தார்கள்.

குறுக்கோட்டத்துக்குக் கனிஷாய்க்குப் பதிலாக எட்டாம் வகுப்பிலிருந்து குள்ளமான ஒரு பெண் போனாள். கடைசிக்கு முந்தியவளாக வந்து, அடுத்தது எப்போது என்று கேட்டாள். கைப்பந்தில் தோற்றோம்.

ஒலிம்பியாட் என் அறையில்தான் நடந்தது. நான்தான் மேற்பார்வை. வெளியே, எங்கள் ஊருக்கு அந்த வருடத்தின் முதல் பனி தூறிக்கொண்டிருந்தது. கனிஷாய் எல்லாக் கணக்கையும் போட்டு முடித்து, தாளை ஒரு முறை சரிபார்த்து, ஓரமாக வைத்துவிட்டு மேசையில் தலை சாய்த்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். மணி அடிக்கும்வரை நான் அவளை எழுப்பவில்லை.