சுற்றி வந்த குரல்

புத்தூர்ச் சந்திக்குக் கிட்ட ரேடியோ திருத்துகிற பஞ்சலிங்கத்துக்குக் குரல் அடைக்கத் தொடங்கியபோது, பனிக்குணம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மாசிப்பனி போய்ச் சித்திரை வெயிலும் வந்துவிட்டது. அடைத்த குரல் திறக்கவில்லை. யாழ்ப்பாணத்து டாக்குத்தர் தொண்டைக்குள் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார்: கொழும்புக்குப் போய்க் குரல்வளையை எடுக்க வேணும். எடுத்தால் உயிர் தப்பும். பிறகு பேச்சு வராது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் சாவைப் பற்றி யோசிக்கவில்லை. ஞானாம்பிகையைப் பற்றித்தான் யோசித்தார்.

அவருடைய மனைவி ஞானாம்பிகை சின்ன வயதில் அம்மாள் வருத்தம் வந்து, அம்மைக் கொப்புளத்தில் கண் போனவள். புருஷன் கறுப்போ சிவப்போ என்று அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று அவள் கேட்டதுமில்லை. படலையைத் திறக்கும்போதே, “இஞ்சரப்பா, நான் வந்திட்டன்” என்பார். பசியோடு வருகிறாரா, ஆரோடும் சண்டை கொளுவிக்கொண்டு வருகிறாரா என்பதை அந்த ஒரு சொல்லிலேயே பிடித்துவிடுவாள். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் அவளுக்கு அவர் என்பது அந்தக் குரல்தான்.

“டாக்குத்தர் என்ன சொன்னவர்?” என்று அவள் கேட்டாள்.

“சின்னக் கட்டியாம். வெட்டினால் சரியாம்.”

“நோகுமோ?”

“கொஞ்சம் நோகும்.”

அவ்வளவோடு விட்டுவிட்டார்.

வீட்டின் முன்னறைதான் கடை. அங்கே ஆரோ திருத்தத் தந்துவிட்டுத் திரும்பி வராத குரல் பதிகிற ஒரு பழைய ரேப் ரெக்கோடர் கிடந்தது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம். இருப்பதை வைத்துத்தான் எதையும் செய்யலாம். ஆனால் அந்தப் பெட்டியில் நாடா ஒரு சில்லிலிருந்து மற்றச் சில்லுக்கு ஓடி முடிந்தால் ஆராவது திருப்பிச் சுற்ற வேண்டும். அவருக்கு வேண்டியது வேறு. சுவிச்சைத் தட்டினால் ஒரே வசனம், நிறுத்தும்வரை, திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். வீட்டின் எந்த மூலையில் நின்றாலும் அவள் அதைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்துவிடலாம்.

நாடாவில் ஒரு முழத்தை வெட்டி, இரண்டு நுனியையும் பிளேட்டால் சரிவாக அரிந்து ஒட்டி, வளையமாக்கினார். பலகையில் ஆணிகள் அடித்து அவற்றில் வெறும் நூற்கட்டைகளை மாட்டினார். வளையம் அவற்றைச் சுற்றி ஓடியது. ரெக்கோடரிலிருந்து கழற்றிய மோட்டரும் குரலைப் பதிகிற தலையும் பலகையில் ஏறின. செத்துப்போன ரேடியோ ஒன்று தன் ஸ்பீக்கரைக் கொடுத்தது. சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போட்ட பட்டி வழுக்கியதால், முதலில் குரல் தண்ணீருக்குள்ளிருந்து கதைப்பதுபோல் அலைந்தது. பட்டியை மாற்றினார். பிறகு கரண்டின் இரைச்சல் குரலை விழுங்கியது. ஒரு கம்பியை நிலத்தில் இறக்கிய பின்தான் அது அடங்கியது.

ஞானாம்பிகை பின்வளவில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது, கதவைச் சாத்திக்கொண்டு மைக்குக்குக் கிட்ட இருந்தார். குரல் கரகரத்தது, ஆனாலும் அது அவருடைய குரல்தான்.

“இஞ்சரப்பா, நான் வந்திட்டன்.”

இன்னொரு வளையத்தில், “நான் கிணத்தடியிலை நிக்கிறன்.”

மற்றதில், “ஒண்டுமில்லை, பயப்பிடாதையும்.”

அதைச் சொன்னதும், இப்போதே போய் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று எழும்பினார். கதவடிவரைக்கும் போனார். பிறகு திரும்பி வந்து இருந்துவிட்டார்.

நீர்வேலியிலிருந்து ஞானாம்பிகையின் தங்கை குணலட்சுமி வந்து அக்காவோடு நின்றாள். அவளுக்கு மட்டும் எல்லாவற்றையும் சொல்லி, வாய் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் பஞ்சலிங்கம் கொழும்புக்குப் போனார்.

அவர் திரும்பி வந்தது ஒரு பின்னேரம். கழுத்தில் ஓட்டை, அதன்மேல் மெல்லிய துணி. படலையடியில் அவரைக் கண்ட குணலட்சுமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சத்தமில்லாமல் முன்னறைக்குள் போய்ச் சுவிச்சைத் தட்டினார்.

“இஞ்சரப்பா, நான் வந்திட்டன்.”

குசினிக்குள் ஏதோ பாத்திரம் விழுந்தது. ஞானாம்பிகை சுவரைக்கூடத் தொடாமல் ஓடி வந்தாள். அந்த முகத்தை அவ்வளவு சந்தோசமாக அவர் அதற்கு முன் கண்டதில்லை.

“வந்திட்டியளோ? காயம் ஆறிட்டுதோ?”

“இஞ்சரப்பா, நான் வந்திட்டன்.”

“ஓம், அதுதான் கேக்கிறன். சாப்பிட்டனீங்களோ?”

“இஞ்சரப்பா, நான் வந்திட்டன்.”

அவள் நின்றுவிட்டாள். முகம் மெல்ல மெல்ல மாறியது. கையை நீட்டிக்கொண்டு குரல் வந்த பக்கம் போனாள். பலகையும் நூற்கட்டைகளும் ஓடுகிற நாடாவும் கையில் பட்டன. விரல் சிக்கி, குரல் இழுபட்டு நின்றது.

“நீங்கள் எங்கை?”

அவர் அவளுடைய கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்தார். ஓட்டையால் வந்த மூச்சு அவள் விரல்களில் பட்டது. அவள் அதைத் தடவிப் பார்த்தாள். விளங்கிக்கொள்ள அவளுக்கு நேரம் எடுக்கவில்லை.

“எனக்கு இதைச் சொல்லாமல் போனியளே.”

அதற்குப் பிறகு அவள் அவரோடு கதைக்கவில்லை. குணலட்சுமி நீர்வேலிக்குப் போய்விட்டாள். வேளைக்கு வேளை கஞ்சி வந்தது; வெந்நீர் வந்தது; சொல் வரவில்லை. கதைக்க முடியாதவர் ஒருவரும் கதைக்க மாட்டாதவள் ஒருத்தியுமாக அந்த வீடு கிடந்தது. படலையைத் திறந்து உள்ளே வரும்போதெல்லாம் பஞ்சலிங்கத்தின் வாய் பழக்கத்தில் அசையும். வெறும் காற்றுத்தான் போகும்.

ஒரு காலை, அவர் பலகையை மடியில் வைத்துக் கழற்றத் தொடங்கினார். ஆணி கிளம்பும் சத்தம் கேட்டு ஞானாம்பிகை வாசலுக்கு வந்தாள்.

“கழட்டாதேங்கோ.”

அவர் கை நின்றது.

“நீங்கள் வெளியிலை போற நேரத்திலை நான் போட்டுக் கேப்பன். நீங்கள் வீட்டிலை நிக்கேக்கை அது கதைக்கக் கூடாது.”

அவர் இருந்த வாங்கைத் தடவிப் பார்த்துப் பக்கத்தில் இருந்தாள். உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

“ஓம் எண்டால் ஒருக்காத் தட்டுங்கோ. இல்லையெண்டால் ரண்டுதரம். குரல் போகுமெண்டு போகேக்கை உங்களுக்குத் தெரியும், என்ன?”

அவர் ஒருமுறை தட்டினார்.

“குணலட்சுமிக்கும் தெரியும்?”

ஒருமுறை.

“நான் தாங்கமாட்டன் எண்டு நினைச்சியளோ?”

ஒருமுறை தட்டினார். உடனே பதறி இன்னும் இரண்டுதரம் தட்டினார்.

“எது சரி?”

அவர் விரலை அவள் உள்ளங்கையில் வைத்து, எடுக்காமல், ஒருமுறை அழுத்தினார்.

“நீங்கள் தாங்கினியளோ?”

இரண்டுதரம்.

அவள் கையை மூடிக்கொண்டாள். அவருடைய விரல் அதற்குள் இருந்தது. அதை விடாமலே, “கஞ்சி ஆறப்போகுது, எழும்புங்கோ” என்றாள்.